இரண்டரையை ஒன்றே மூன்றில் ஒன்றால் பெருக்கிய கதை

சிவகாசிப் பக்கம் ஒரு அச்சகத்தில் எனக்கு செக்கிங் வேலை. மத்தாப்புப் பெட்டிக்கும் சரவெடிக் கட்டுக்கும் ஒட்டுகிற லேபிள்கள் வெட்டி முடித்துக் கட்டுக்கட்டாக என் மேஜைக்கு வரும். ஒவ்வொரு கட்டையும் விரித்துப் பார்த்து, நிறம் விலகியது, எழுத்து மங்கியது, ஓரம் கோணியது எல்லாவற்றையும் உருவிப் போட வேண்டும். பதினோரு வருடமாக இதுதான் வேலை. நல்ல லேபிள் என் கண்ணில் படுவதே இல்லை. கெட்டது எங்கே ஒளிந்திருக்கிறது என்றுதான் கண் ஓடும்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மாறாது. கேஸ் சிலிண்டர் வந்தால் சீலை இழுத்துப் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன். தக்காளி வாங்கினால் அடியில் கிடப்பதைப் புரட்டிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். "உன்னைய போலீஸ்ல சேத்திருக்கணும் புள்ள, ஊரு திருந்தியிருக்கும்" என்பார். சொல்லட்டும். ஏமாறுவது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

போன வருடம் சீசன் உச்சத்தில், ஒரு புதன்கிழமை காலை, மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மகள் ஏழாம் வகுப்பு. கணக்கு டீச்சர் பேசினார். "கொஞ்சம் வந்துட்டுப் போங்கம்மா, நேர்ல பேசணும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "பரீட்சையில பிட்டு வச்சிருந்தா" என்றார். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து விருதுநகர் வந்து இறங்கும்வரை அந்த ஒரு சொல்லே காதில் ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். மாவட்ட அளவில் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் போட்டி. வகுப்புக்கு இரண்டு பேரைத்தான் அனுப்புவார்கள். யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய டீச்சர் பத்துக் கணக்கு கொடுத்துச் சோதித்திருக்கிறார். பத்தும் பின்னப் பெருக்கல். எப்போதும் முதலில் வருகிற பிள்ளையே ஏழுதான் சரியாகப் போட்டிருந்தாள். என் மகள் பத்துக்குப் பத்து.

டீச்சர் விடைத்தாளை என் முன்னால் வைத்தார். சின்ன வயதுப் பெண், ஆனால் முகத்தில் ஒரு கண்டிப்பு.

"பாருங்கம்மா. எல்லாம் விடை மட்டுந்தான். எப்படிப் போட்டான்னு ஒரு வரிகூட இல்ல. போன பரீட்சையில பின்னத்துல இவ ஒண்ணுகூடச் சரியாப் போடல. பெஞ்சுக்கு அடியில இது இருந்துச்சு."

அது ஒரு வெள்ளைத்தாள். குறுக்கும் நெடுக்குமாக மடித்து மடித்து, கசங்கிப்போன தாள். விரித்துப் பார்த்தேன். ஒரு எழுத்து இல்லை.

"இதுல ஒண்ணுமே இல்லையே டீச்சர்."

"அதான் எனக்கும் புரியல. ஒண்ணும் இல்லாத தாளை எதுக்கு ஒளிச்சு வைக்கணும்? கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா. வெள்ளிக்கிழமை பேரு அனுப்பணும். இவளை நம்பி அனுப்பலாம்னு எனக்குத் தெரியணும். வீட்டுல விசாரிங்க."

மகள் சுவரோரமாக நின்றாள். இதுவரை எந்தப் போட்டிக்கும் அவள் பெயர் போனதில்லை. திங்கட்கிழமை கரும்பலகையில் எழுதிய இரண்டு பெயரில் ஒன்று தன்னுடையது என்று அன்று ராத்திரிச் சோற்றைக்கூடச் சரியாகச் சாப்பிடாமல் சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது அந்தப் பெயர் அழிந்துவிடுமோ என்று பயந்து நிற்கிறாள். ஒரு தாய் அப்போது என்ன கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று நான் கேட்டது வேறு.

"யாரைப் பாத்து எழுதுன?"

"யாரையும் பாக்கலம்மா."

"பாக்காம பத்தும் வானத்துல இருந்து விழுந்துச்சாக்கும்?"

அவள் அதற்குமேல் பேசவில்லை. பேசாதது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. தப்பு செய்யாத பிள்ளை சத்தம் போடும், அழும், சாமான்களை உருட்டும் என்பது என் எண்ணம். நான் அப்படித்தான் செய்வேன்.

வீட்டுக்கு வந்தவுடன் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்புறம் சாய்த்துப் பிடித்து, பேனா அழுத்திய தடம் இருக்கிறதா என்று விரலால் தடவினேன். ஒன்றும் இல்லை. சும்மா விடுவேனா? சின்ன வயதில் எலுமிச்சைச் சாற்றில் குச்சியைத் தொட்டு எழுதினால் எழுத்து தெரியாது, சூடு காட்டினால்தான் தெரியும் என்று நாங்கள் விளையாடியது ஞாபகம் வந்தது. அடுப்பைப் பற்றவைத்தேன்.

"என்னம்மா பண்ற?" என்றாள் மகள்.

"நீ பேசாம இரு. இன்னைக்கு வண்டவாளம் தெரியும்."

தாளைத் தீக்கு மேலே பிடித்து அங்குமிங்கும் ஆட்டினேன். மடிப்புக் கோடுகள் லேசாகப் பழுப்பேறின. எழுத்து வரவில்லை. இன்னும் கொஞ்சம் தாழ்த்தினேன். ஓரத்தில் குப்பென்று பிடித்துக்கொண்டது. தொட்டித் தண்ணீரில் போட்டு அணைப்பதற்குள் முக்கால்வாசி கருகிவிட்டது. யா அல்லாஹ், என்ன புத்தி எனக்கு! எந்தத் தாளை வைத்து இவள் திருடி இல்லை என்று நிரூபித்திருக்கலாமோ அதை நானே எரித்துவிட்டேன். ஆனால் அன்று அப்படி நினைக்கவில்லை. சாட்சி போய்விட்டதே, இனி இவளை எப்படிப் பிடிப்பது என்றுதான் நினைத்தேன்.

மகள் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "இப்ப நம்புறியாம்மா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். போனில் சொன்னேன். "அவகிட்டயே கேளு புள்ள, எப்படிப் போட்டான்னு. கணக்குத்தான, கொலையா பண்ணிட்டா?" என்றார். ஆண்களுக்கு எல்லாம் சுலபம். நான் வேறு வழி எடுத்தேன். நானே இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்வது, அப்புறம் அவளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு மடக்குவது. எட்டாம் வகுப்புவரை படித்தவள்தானே நான்.

அவளுடைய கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே எனக்கும் புத்தகத்துக்கும் சண்டை. அரையை அரையால் பெருக்கினால் கால் என்று போட்டிருந்தது. பெருக்கினால் கூட அல்லவா வேண்டும்? இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு, கூடுகிறது. அரையை அரையால் பெருக்கினால் மட்டும் எப்படிப் பாதியாகக் குறையும்? அச்சுப்பிழை என்றே முடிவு செய்தேன். புத்தக அச்சில் பிழை வருவது எனக்குத் தெரியாதா என்ன. போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். அதுவும் புள்ளி இருபத்தைந்து என்றது. போனையும் நம்பாமல் இரண்டாம் தடவை போட்டேன்.

சரி, தொலையட்டும் என்று விடைத்தாளில் பார்த்து வைத்திருந்த முதல் கணக்குக்கு வந்தேன். இரண்டரையை ஒன்றே மூன்றில் ஒன்றால் பெருக்க வேண்டும். இதுமாதிரி முழு எண்ணும் பின்னமும் சேர்ந்திருந்தால் அதற்குக் கலப்பு பின்னம் என்று பெயராம். எனக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை. முழுசை முழுசோடு பெருக்கு, பின்னத்தைப் பின்னத்தோடு பெருக்கு. இரண்டையும் ஒன்றையும் பெருக்கினால் இரண்டு. அரையையும் மூன்றில் ஒன்றையும் பெருக்கினால் ஆறில் ஒன்று. விடை, இரண்டே ஆறில் ஒன்று. முடிந்தது கதை.

மகள் எழுதியிருந்ததோ மூன்றே மூன்றில் ஒன்று. ஆக, பார்த்து எழுதியதோடு இல்லாமல், தப்பாக வேறு பார்த்து எழுதியிருக்கிறாள்! அப்புறந்தான் உறைத்தது, டீச்சர் அதற்குச் சரி என்று போட்டிருந்தாரே. ஒரு கணம் டீச்சர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கால்குலேட்டர் மூன்று புள்ளி மூன்று மூன்று என்று காட்டியது. எல்லோரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு என் காதில் பூச்சுற்றுவதுபோல இருந்தது.

"ஏ புள்ள, இங்கன வா" என்று கூப்பிட்டேன். "எனக்கு ரெண்டே ஆறுல ஒண்ணு வருது. உனக்கு எப்படி மூணுக்கு மேல வந்துச்சு?"

அவள் என் கணக்கைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அலமாரித் தட்டில் விரித்திருந்த லேபிள் தாளை உருவிக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் அச்சகத்தில் வேலை பார்ப்பவர் வீடுகளில் இது சாதாரணம். வெட்டாமல் கழிந்த பெரிய தாள்களை வீட்டுக்குக் கொண்டு வருவோம். அலமாரிக்கு விரிப்போம், பிள்ளைகள் புத்தகத்துக்கு அட்டை போடுவோம். இந்தத் தாளில் கம்பி மத்தாப்பு லேபிள் வரிசை வரிசையாக அச்சாகியிருந்தது.

"இதைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன்" என்றாள். "என் கணக்கு நோட்டுக்கும் இதே அட்டைதான். டீச்சர் நடத்தும்போது அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

தாளைப் பின்பக்கம் திருப்பி, பென்சிலால் பெரிய கட்டங்கள் போட்டாள். பக்கவாட்டில் மூன்று, கீழ்வாட்டில் இரண்டு. ஒரு கட்டம் ஒரு முழுசு. ஒவ்வொரு முழுசும் பக்கவாட்டில் இரண்டு பாதியாகும்படி மடித்தாள். கீழ்வாட்டில் மூன்று பங்காகும்படி மடித்தாள். விரித்தால் மடிப்புக் கோடுகளில் சின்னச் சின்னப் பெட்டிகள் தெரிந்தன.

"ஒரு முழுசுக்குள்ள எத்தனை சின்னப் பெட்டிம்மா?"

"ஆறு."

"ரெண்டரைன்னா எத்தனை அரை?"

"அஞ்சு."

"ஒண்ணே மூணுல ஒண்ணுன்னா, மூணுல ஒண்ணு எத்தனை?"

யோசித்தேன். ஒன்றுக்குள் மூன்று, மேலே ஒன்று. "நாலு."

"அப்ப பக்கத்துக்கு அஞ்சு, கீழ நாலு. லேபிளை எண்ணுற மாதிரி எண்ணு."

நாலஞ்சு இருபது. ஆறு பெட்டி ஒரு முழுசு. இருபதில் மூன்று முழுசு போக இரண்டு பெட்டி மிச்சம். ஆறில் இரண்டு என்றால் மூன்றில் ஒன்று. மூன்றே மூன்றில் ஒன்று.

"அப்ப எனக்கு எங்க போச்சு?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

நான் எடுத்துக்கொண்டதை மட்டும் அவள் பென்சிலால் தீட்டிக் காட்டினாள். இரண்டு முழுசு, அதில் பன்னிரண்டு பெட்டி. மூலையில் ஒற்றைப் பெட்டி. ஆகப் பதின்மூன்று. வலது பக்கம் ஒரு ஓரம் தீட்டாமல் நின்றது, அதில் மூன்று பெட்டி. கீழே ஒரு ஓரம், அதில் நான்கு.

"இதையெல்லாம் ஏன்மா விட்ட?"

ஏன் விட்டேன் என்று எனக்குச் சொல்லத் தெரிந்தது. கட்டிங் மிஷினில் முழு லேபிள் விழாத ஓரத்தை நாங்கள் தாளாகவே நினைப்பதில்லை. அது கட்டிங் வேஸ்ட். சாக்கில் அமுக்கி ஓரமாகப் போட்டுவிடுவோம். பதினோரு வருடமாகத் தள்ளித் தள்ளி, கணக்கிலும் தள்ளிவிட்டேன். மனுஷி புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நேரம். எனக்கோ அப்போதும் உள்ளே அரித்தது. யாராவது இந்த ஒரு கணக்கை மட்டும் இவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால்? நானாக ஒரு கணக்கு உண்டாக்கினேன். "ஒண்ணரையை மூணே முக்காலால பெருக்கு. என் கண்ணு முன்னால."

மடித்தாள், எண்ணினாள். "அஞ்சே எட்டுல அஞ்சு" என்றாள். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மதிய இடைவேளையில், சோற்றைச் சீக்கிரம் முடித்துவிட்டு, வேஸ்ட் சாக்கிலிருந்து ஒரு தாளை எடுத்து அதே கணக்கைப் போட்டேன். அரையும் காலும் மடித்தால் ஒரு முழுசுக்கு எட்டுப் பெட்டி. மூன்று அரை, பதினைந்து கால். கத்தரியால் ஒவ்வொரு பெட்டியாக வெட்டி, மேஜையில் எட்டெட்டாக அடுக்கினேன். ஐந்து அடுக்கு முழுசாக வந்தது, ஐந்து பெட்டி மிச்சம். ஐந்தே எட்டில் ஐந்து. பக்கத்து மேஜைக்காரி, "என்னக்கா, சீசன் வேலை பத்தலைன்னு கத்திரிச்சு விளையாடுறீக?" என்றாள். பதில் சொல்லாமல் இன்னொரு கணக்கு போட்டேன். அதுவும் சரி. புத்தகத்தில் கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக மாற்றிக்கொள் என்று ஒரு வரி இருந்தது. முதல் நாள் அதை மந்திரம் மாதிரி தாண்டிப் போயிருந்தேன். எல்லாவற்றையும் ஒரே அளவு சின்னப் பெட்டியாக்கி எண்ணு, ஓரத்தை விடாதே என்பதைத்தான் அது சொல்கிறது. அரையை அரையால் பெருக்கினால் ஏன் கால் என்பதும் அங்கேயே புரிந்தது. அரைத்தாளில் பாதியை எடுத்தால் அது கால்தாள்தானே. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. கணக்கு புரிந்த சந்தோஷம் பாதி, மகளைத் திருடி ஆக்கினேனே என்ற வேதனை பாதி.

வெள்ளிக்கிழமை காலை அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளை அடுப்பில் காட்டி எரித்ததையும் மறைக்கவில்லை. டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் அவளுக்கு ஒரு புதுக் கணக்கும் வெள்ளைத்தாளும் கொடுத்தார். மூன்றரையை இரண்டேகாலால் பெருக்கச் சொன்னார். அவள் தாளை மடிக்கவே இல்லை. பேனாவை எடுத்து, ஏழு அரை, ஒன்பது கால், அறுபத்து மூன்று பெட்டி, முழுசுக்கு எட்டு என்று ஒவ்வொரு வரியாக எழுதினாள். ஏழே எட்டில் ஏழு.

"இதை ஏம்மா அன்னைக்கே சொல்லல?" என்றார் டீச்சர்.

"மடிச்சுப் போட்டா மார்க் குடுக்க மாட்டீங்கன்னு நினைச்சேன் மிஸ். அதான் அடியில வச்சு மடிச்சேன்."

டீச்சருக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் அன்னைக்கு உன்னையச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது" என்று அவளிடமே சொன்னார். பட்டியலில் பெயரை எழுதி அவளுக்குக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தது என் கண். அந்தக் கண்ணை என்ன செய்ய!

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஆக்கினேன், அவளுக்குப் பிடிக்கும் என்று. தின்றாள், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். சாயங்காலம் அவள் போட்டிக்குப் படிக்க உட்கார்ந்தபோது நானும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். புத்தகத்திலிருந்து ஐந்து கலப்பு பின்னக் கணக்கு நானாகவே போட்டேன். நேரம் பிடித்தது. ஒன்றை இரண்டு தடவை அடித்து எழுதினேன். முடித்ததும் எனக்கு ஒரே பெருமை. நோட்டை அவளிடம் நீட்டி, "டீச்சரம்மா, திருத்துங்க" என்றேன்.

வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு விடையாகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு ஒத்துப் பார்த்தாள். ஐந்தும் சரி. ஏதாவது சொல்வாள், சிரிப்பாள் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் தலையைத் தூக்கினாள். "போன்ல பாத்துப் போட்டியாம்மா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைத் தேடினேன். அப்படியெல்லாம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இல்லத்தா. நானாத்தான் போட்டேன்."

"கடைசிப் பக்கத்துல விடை இருக்கே. பாத்தியா?"

"பாக்கல."

அவள் போனை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். புத்தகத்தை மூடினாள். என் நோட்டில் ஒரு புதுக் கணக்கை எழுதி என் பக்கம் தள்ளினாள்.

"இப்பப் போடு" என்றாள்.

நான் பேனாவை எடுத்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.